பதினோரு தட்டில் ஒரு கேமிங் கம்ப்யூட்டர்

என் அக்கா ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டில் வீடு வாங்கினாள். ஒற்றை மாடி வரிசை வீடு, வரிசைக்கு நடுவில். புகுவிழாவுக்கு நாள் குறித்த கையோடு எனக்குப் போன் செய்தாள். பிறந்த வீட்டுச் சீராக என்ன வேண்டும் என்று கேட்க நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

“எனக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வேணும்.”

நான் ஆயர் தாவார் பக்கம் ஒரு செம்பனை ஆலையிலிருந்து எண்ணெய் ஏற்றிப் போகும் லோரி ஓட்டுகிறேன். அந்த நேரம் எடை போடும் வரிசையில் நின்றிருந்தேன். முன்னால் இருந்த லோரி நகர்ந்தது தெரியாமல் நான் உட்கார்ந்திருக்க, பின்னால் இருந்தவன் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“குத்துவிளக்கு?” என்றேன்.

“வாங்கிட்டேன்.”

“மிக்சி?”

“அதான் சொல்றேன்ல. அடுப்பு, குக்கர், கட்டில், வெளக்கமாறு வரைக்கும் வாங்கியாச்சு. இந்த வீட்டுக்கு நான் வாங்காத சாமான் அது ஒண்ணுதான்.”

அக்கா ஈப்போவில் ஒரு கூரியர் கவுண்டரில் வேலை செய்கிறாள். கல்யாணமாகி ஆயர் தாவாரில் புருஷன் வீட்டில் சில வருஷம் இருந்துவிட்டு, விவாகரத்து வாங்கிக்கொண்டு வந்தவள். அந்த வீட்டில் ஒரு கேமிங் கம்ப்யூட்டர் இருந்தது. வாங்கியது அக்காவின் சம்பளத்தில். விளையாடியது அவன். அவன் குளிக்கப் போகும்போது மட்டும் இவள் விளையாடலாம். அந்த ஆள் குளியலுக்கு அதிக நேரம் ஒதுக்குகிறவன் இல்லை. விவாகரத்துக்குப் பிறகு அக்கா ஒரு பழைய மடிக்கணினியில் விளையாடிப் பார்த்தாள். அதில் ஆட்கள் இரண்டு எட்டு நடந்து நின்று யோசித்துவிட்டுத்தான் மூன்றாவது எட்டு வைப்பார்கள். அதற்குள் எதிராளிகள் சுட்டுவிடுவார்கள்.

“அதுக்குன்னு சீரா யாராச்சும் கம்ப்யூட்டர் கேப்பாங்களாக்கா?”

“எனக்குக் கம்ப்யூட்டர் முக்கியமில்லடா. வேணும்னா அதையும் நானே வாங்கிக்குவேன். நீங்க தட்டு தூக்கிட்டு வரணும். வெறுங்கையோட வந்தா நீங்களும் விருந்தாளிங்கதான். தட்டோட வந்தாத்தான் எனக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணு இருக்குன்னு அந்தத் தாமான்ல குடியிருக்குற நாலு பேருக்குத் தெரியும்.” கொஞ்சம் நிறுத்தி, “அப்பாவும் வரணும்,” என்றாள்.

அங்கேதான் சிக்கல். அப்பா அந்த விவாகரத்துக்குப் பிறகு அக்காவிடம் பேசுவதில்லை. சண்டையெல்லாம் ஒன்றும் இல்லை. அவள் எங்கள் வீட்டுக்கு வந்தால் அவர் எழுந்து வாசலுக்குப் போய், மோட்டார் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டிலேயே அவ்வளவு சுத்தமான மோட்டார் சைக்கிள் அவருடையதுதான்.

அன்று சாயங்காலம் விஷயத்தைச் சொன்னேன். அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஒரு தடவ கொடுத்தாச்சு,” என்றார். “ஒரு பொண்ணுக்கு ரெண்டு தடவ சீரு எந்த ஊருலயும் கெடையாது.”

“முதல் தடவ கொடுத்தது எல்லாம் அவன் வீட்டுலதானே இருக்கு.”

“நான் போயி எடுத்துட்டு வரவா?”

எனக்கு வாயில் நன்றாக வந்தது. அடக்கிக்கொண்டேன். அந்தக் கல்யாணத்துக்கு அப்பா ஐஸ்பெட்டி, அலமாரி, மெத்தை என்று கொடுத்தார். அந்த வீட்டு வழியாகத்தான் தினமும் லோரியில் போகிறேன். அந்த ஐஸ்பெட்டி இன்னும் ஓடுகிறதா என்று தெரியாது. ஓடக்கூடாது என்று ஒவ்வொரு நாளும் மனதார வேண்டிக்கொள்கிறேன்.

அப்பா கைவிட்டதை அத்தை எடுத்துக்கொண்டார். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். மாமா இறந்து பல வருஷமாகிறது. ஈப்போவில் ஒரு சீன உணவகத்தில் ரொம்ப காலம் பாத்திரம் கழுவியவர் என்பதால் கன்டனீஸ் நன்றாகப் பேசுவார், திட்டுவதற்கு இன்னும் நன்றாக. கேமிங் கம்ப்யூட்டர் என்றால் என்ன, எதற்கு என்றெல்லாம் அத்தை கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அத எப்படித் தட்டுல வக்கிறது?”

முழுதாகக் கடையில் வாங்குவது ஒரு வகை, பாகம் பாகமாகத் தேர்ந்து வாங்கி மாட்டுவது இன்னொரு வகை, அக்கா கேட்டது இரண்டாவது என்று என் மனைவி விளக்கினாள். அத்தையின் முகத்தில் வெளிச்சம் வந்தது.

“அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. முழுசாக் கொண்டு போனா ஒரு பொட்டி. பிரிச்சுக் கொண்டு போனா தட்டு தட்டாப் போவும்ல.”

ஆக, எங்கள் குடும்பத்தின் முதல் கேமிங் கம்ப்யூட்டருக்குப் பாகம் தேர்ந்தெடுப்பதில் மூன்று நிபந்தனைகள் அமைந்தன. ஒன்று அக்காவுடையது: விளையாட்டில் ஆட்கள் நிற்காமல் நடக்க வேண்டும். ஒன்று என்னுடையது: நடுத்தர விலைக்குள் முடிய வேண்டும். அத்தையுடையது, தட்டு ஒற்றைப்படையில் வர வேண்டும்.

ஈப்போவில் ஒரு பழைய வணிக வளாகத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது கடை. சனிக்கிழமை மத்தியானம் நான், அக்கா, அத்தை மூன்று பேரும் போனோம். கடைக்காரர் நாற்பது வயதுச் சீனர், அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் போட்டிருந்தார். அக்கா அவரிடம் மலாயில் பேசினாள். அவள் வெகுநாளாகப் படித்து வைத்திருக்கிறாள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: புரோசசர் யோசிக்கும், கிராபிக்ஸ் கார்டு படம் போடும், பணத்தில் பெரும்பங்கு படம் போடுகிறதுக்குத்தான் போக வேண்டும். யோசிக்கிறதுக்கு நடுத்தரமே போதும். மனுஷனுக்கும் அப்படித்தான் என்று நான் சொன்னேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

கடைக்காரர் ஒரு கிராபிக்ஸ் கார்டைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். அக்கா அதைக் குனிந்து பார்த்தாள். நகைக்கடையில் இவள் ஒருநாளும் இப்படிப் பார்த்ததில்லை.

“இது வேணாம்,” என்றார் அத்தை.

“ஏன் அத்தை?”

“கறுப்பா இருக்கு.”

கடைக்காரர் மதர்போர்டைக் காட்டினார். அதுவும் கறுப்பு. மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளை, கறுப்பு. எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடும் கேசிங், கறுப்பு. அத்தைக்கு மூச்சு வாங்கியது.

“நல்ல காரியத்துக்கு எவனாச்சும் கறுப்பு சாமான் வாங்குவானா? இவங்கள்ல யாருக்காச்சும் துக்கமா?”

கடைக்காரர் என்ன விஷயம் என்று கேட்க, அத்தை கன்டனீஸில் நீளமாக விளக்கினார். அவர் தலையாட்டினார். சீனப் புத்தாண்டுக்குத் தன் அம்மாவும் கறுப்புச் சட்டை போட விடமாட்டார் என்றாராம். உடனே உள்ளே போய் வெள்ளை நிறத்தில் ஒரு கேசிங்கும் வெள்ளைக் கார்டும் கொண்டுவந்தார். இரண்டு பேரும் ஒரே நொடியில் சொந்தக்காரர்களாகிவிட்டார்கள்.

வெள்ளைக் கேசிங் ஒன்றும் பாதகமில்லை, விலை ஏறக்குறைய அதேதான். வெள்ளைக் கார்டுதான் வினையானது. உள்ளே இருப்பது அதே சரக்கு, மேலே வெள்ளை பூசியதற்கு விலை ஏறுகிறது. விலை ஏறாமல் வெள்ளை வேண்டும் என்றால் ஒரு படி கீழே இறங்கி, சக்தி குறைந்த கார்டை எடுக்க வேண்டும்.

“அதையே எடு. பாக்க லட்சணமா இருக்கு,” என்றார் அத்தை.

“அத்தை, அது போட்டா ஆட்டம் இழுக்கும்.”

“கொஞ்சம் இழுத்தா என்னம்மா. நல்ல காரியத்துக்கு…”

“கறுப்பா இருந்தா இப்ப என்ன அத்தை,” என்றாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை. “நான் கறுப்புதான். விவாகரத்து ஆனவ வேற. என்னையும் பொட்டிக்குள்ள வச்சு மூடிருங்க.”

கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் கறுப்புக் கார்டை மெதுவாக எடுத்துத் திரும்பப் பெட்டியில் வைத்தார். அத்தை தன் கைப்பையைத் திறந்து எதையோ தேடினார். பையில் எதுவும் தொலைந்திருக்கவில்லை. பிறகு பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெட்டி சிவப்பு, ஓரத்தில் பச்சை.

“பொட்டி நல்லாத்தான் இருக்கு,” என்றார். “உள்ள என்ன நெறம்னு எவன் பாக்கப் போறான். எடும்மா. ஒனக்குப் புடிச்சத எடு.”

அன்று எதுவும் வாங்காமல், விலையை மட்டும் விசாரித்துக்கொண்டு வந்தோம். அக்கா பஸ் நிறுத்தத்தில் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் மன்னிப்பு எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆளுக்கொரு கரும்புத் தண்ணீர் குடித்தார்கள், காசு நான் கொடுத்தேன்.

வீட்டில் அந்த வாரம் முழுக்க இதே பேச்சு. நானும் அத்தையும் என் மனைவியும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தட்டை எண்ணுவோம். மங்கலத் தட்டு ஒன்று, மதர்போர்டு இரண்டு, புரோசசர் மூன்று. அப்பா பக்கத்தில் டிவி பார்ப்பார். நாங்கள் எண்ண ஆரம்பித்தால் டிவி சத்தம் ஏறும். நாங்களும் சத்தத்தை ஏற்றி எண்ணுவோம். எத்தனை முறை எண்ணினாலும் பத்துதான் வந்தது.

“பத்து கூடாது,” என்பார் அத்தை.

“சீனி ஒரு தட்டு வச்சிட்டா பதினொண்ணு,” என்றாள் என் மனைவி.

“இது சீரு. சீனிய வச்சு ஒப்பேத்தக் கூடாது.”

மிச்சம் பிடிக்க வேண்டிய பேச்சும் வந்தது. கிராபிக்ஸ் கார்டுக்கு அக்கா கேட்டதையே எடுப்பதென்று முடிவானதால், வேறு எங்காவது குறைக்க வேண்டும். பவர் சப்ளையில் குறைக்கலாம் என்றேன் நான். கடையில் அதில் ஒரு மலிவான ரகம் இருந்தது. வெறும் கரண்டு பெட்டிதானே, அதிலா ஆட்டம் ஓடப்போகிறது என்று என் வாதம். கேசிங்கில் கலர் கலராக விளக்கெரியும் காற்றாடிகளை வைத்துக்கொள்ளலாம், அத்தைக்கும் பிடித்திருக்கிறது.

டிவி சத்தம் குறைந்தது.

“ஆனைய வாங்கிட்டு அங்குசத்துக்குக் கணக்கு பாக்குறானுங்க,” என்றார் அப்பா, டிவியைப் பார்த்து. “மிச்சம் புடிக்கிறதுன்னா வெளக்குல புடி. கரண்டுல புடிச்சா வீடு எரியும்.”

“யாருகிட்டப்பா சொல்றீங்க?” என்றேன்.

“டிவிகிட்ட சொன்னேன்.”

சற்று நேரம் கழித்து, “அந்த வீட்டு வயரிங்ல எர்த் இருக்கான்னு பாத்தாளாமா?” என்றார்.

“போன் நம்பர் உங்ககிட்ட இருக்குல்ல. நீங்களே கேளுங்க.”

அவர் கேட்கவில்லை. எழுந்து மோட்டார் சைக்கிளைத் துடைக்கப் போனார். இந்த மனுஷனை என்ன செய்வது என்று எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தது. மகள் வீட்டுக்கு மின்சாரம் பத்திரமாகப் போக வேண்டும், தான் மட்டும் போகமாட்டாராம்.

அடுத்த சனிக்கிழமை வாங்கப் போனோம். கடைக்காரர் மலிவான பவர் சப்ளையை எடுத்து வைத்தார். நான் அப்பா சொன்னதைச் சொன்னேன், அவர் பெயரைச் சொல்லாமல். அக்கா என்னைப் பார்த்தாள்.

“யாரு சொன்னது? ஒனக்கு இதெல்லாம் தெரியாதே.”

“எங்கயோ கேட்டேன்.”

“அப்பாவா?”

ஆமாம் என்றேன். அவள் மேசையில் இருந்த மலிவான பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, நல்லதாக ஒன்றைக் கேட்டு வாங்கினாள். விளக்கெரியும் காற்றாடிகள் வேண்டாம், சாதாரணக் காற்றாடியே போதும் என்றாள். அடுத்து ராம் என்ற நினைவுத் துண்டை எடுக்கும்போது மூக்கை உறிஞ்சினாள், கடையில் தூசி அதிகம் என்றாள்.

ராமில்தான் அத்தைக்கு விமோசனம் கிடைத்தது. அக்கா பதினாறு ஜிபி அளவில் ஒரே துண்டாக வாங்க நினைத்திருந்தாள். பிற்பாடு காசு சேர்ந்ததும் இன்னொன்று வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம். அத்தை கடைக்காரரிடம் நேராக விஷயத்துக்கு வந்தார். இதையே இரண்டாகப் பிரித்துத் தர முடியுமா, தனித்தனிப் பெட்டியில் வேண்டும் என்றார். கடைக்காரர், எட்டும் எட்டுமாக இரண்டு வாங்கலாம், அப்படித்தான் வாங்கவும் வேண்டும், ஜோடியாகப் போட்டால் வேகம் கூடும் என்றார். தட்டும் பதினொன்றானது. தப்பான காரணத்துக்காகச் சரியான பொருளை வாங்குவதில் எங்கள் குடும்பத்தை மிஞ்ச ஆள் கிடையாது.

எல்லாம் சேர்ந்ததும் கடைக்காரர் திருப்புளியைக் கையில் எடுத்தார். இங்கேயே மாட்டித் தருகிறேன், கூலி வேண்டாம் என்றார்.

“மாட்ட வேணாம்,” என்றார் அத்தை.

“இலவசம்தான்.”

“இலவசமா இருந்தாலும் வேணாம்.”

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா, நானே மாட்டிக்கொள்வேன் என்றாள். பாகங்களை எல்லாம் தனித்தனியாகத் தட்டில் வைத்து, பூ வைத்து, ஊர்வலமாக என் வீட்டுக்குக் கொண்டுவரப் போகிறார்கள் என்று மலாயில் விளக்கினாள். கடைக்காரர் திருப்புளியைக் கீழே வைத்தார். இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் இருக்கிறேன் என்று ஆரம்பித்து, அந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டுவிட்டார். கடைசியில் ஒரு மௌஸ் விரிப்பை இனாமாகக் கொடுத்தார். சிவப்பு நிறமாகத் தேடி எடுத்துத்தான் கொடுத்தார்.

புகுவிழா ஒரு சனிக்கிழமை காலை. விடிந்ததும் எங்கள் வீட்டு ஹாலில் பித்தளைத் தட்டுகள் வரிசையாகப் பரப்பப்பட்டிருந்தன. அத்தை குளித்துவிட்டு வந்து ஒவ்வொரு பெட்டிக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பவர் சப்ளை வந்த பெட்டி முழுக் கறுப்பு. அதை மட்டும் மஞ்சள் துணியில் சுற்றினார். புரோசசர் பெட்டியைத் திறந்து உள்ளே இருப்பதற்கும் ஒரு பொட்டு வைக்கப் பார்த்தார். என் மனைவி பாய்ந்து வந்து தடுத்தாள். ராம் துண்டுகள் தட்டுக்கு ஒன்றாகப் பரிதாபமாகக் கிடந்ததால் சுற்றிலும் ஆரஞ்சு அடுக்கினார்கள். கேசிங்கும் மானிட்டரும் எந்தத் தட்டுக்கும் அடங்காது. அவற்றை ஆள் தூக்க வேண்டும், மேலே ஒரு தட்டில் பூ வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

முதல் தட்டு மங்கலத் தட்டு. மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு, பழம். அதைச் சுமங்கலிதான் தூக்க வேண்டும் என்று என் மனைவியிடம் கொடுக்க யாரோ கை நீட்டினார்கள். அக்கா முந்தின நாளே என்னிடம் சொல்லியிருந்தாள்: முதல் தட்டை அத்தைதான் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் கதவைத் திறக்கமாட்டேன். நான் அதைச் சொன்னேன். அத்தை என்னையே பார்த்தார். அப்புறம் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தட்டை எடுத்தார். மாமா போன பிறகு எந்த விசேஷத்திலும் அத்தை தட்டைத் தொட்டதில்லை. கறுப்பு ஆகாது, இரட்டைப்படை ஆகாது என்று அத்தனை கறாராக இருந்தவர், இந்த ஒரு விதியை மட்டும் சத்தமில்லாமல் தாண்டினார். அது எனக்குப் பிடித்திருந்தது.

அப்பா சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் கெட்டுவிடும் என்று பயம்.

“காடிய ரோட்டு ஓரத்துல போட்டுட்டு எல்லாரும் உள்ள போயிருவீங்க,” என்றார். “ஒருத்தன் இருந்து பாத்துக்கணும்ல. நான் காடியில உக்காந்திருக்கேன்.”

என் காடி பதினெட்டு வயது ஆன கார். அதைத் திருடுகிறவனுக்கு நானே பெட்ரோல் காசு கொடுப்பேன். ஆனாலும் சரி என்றேன்.

லகாட்டில் அக்காவின் தெரு முனையில் மூன்று காடிகளை நிறுத்தினோம். தட்டுகளை இறக்கி வரிசையாக நின்றோம். முன்னால் அத்தை, பின்னால் என் மனைவி, அப்புறம் சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார். என் கையில் கிராபிக்ஸ் கார்டு. அப்போதுதான் காடியின் பின்பக்கத்தில் ஒரு தட்டு மிச்சம் இருப்பது தெரிந்தது. கீபோர்டும் மௌஸும் வைத்த தட்டு. அதைத் தூக்க வேண்டிய பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அன்று வேலை போட்டுவிட்டார்கள், அவள் வரவில்லை.

“விட்டுட்டுப் போனா பத்து,” என்றார் அத்தை, முன்னாலிருந்து திரும்பாமலேயே.

நான் என் தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டுக் காடிக் கதவைத் திறந்தேன். அப்பா முன் இருக்கையில் நேராக உட்கார்ந்திருந்தார்.

“அப்பா, ஒரு தட்டு மிச்சம் இருக்கு. வந்து தூக்குங்க.”

“நான் வரலன்னு சொல்லிட்டேன்ல.”

“இவ்வளவு தூரம் வந்துட்டு காடியில உக்காந்திருந்தா அவளுக்கு எப்படி இருக்கும்? பெத்த பொண்ணு வீடு அது. அவ என்ன தப்பு பண்ணிட்டா? உங்களுக்கு மானம் போச்சு, அதானே?”

தெருவில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் இருந்தது.

அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. முன்கண்ணாடியைப் பார்த்தே பேசினார்.

“ஆயர் தாவார்ல சீரு கொண்டு போனோம்ல. அன்னிக்கு அவன் சித்தப்பன் வாசல்ல நின்னு வெரல நீட்டி எண்ணுனான். பதினொண்ணுன்னு சொன்னீங்க, ஒம்போதுதான் இருக்குன்னான். ரெண்டு தட்டு வேன்ல வந்துகிட்டு இருக்குன்னு சொன்னேன். அது வரட்டும்னான். நான் கையில தட்ட வச்சுகிட்டு வாசப்படியிலயே நின்னேன். வேன் வர்ற வரைக்கும் உள்ள வாங்கன்னு ஒருத்தனும் சொல்லல. அந்த எடத்துலதான் எம்பொண்ண விட்டுட்டு வந்தேன். அன்னிக்கே தட்டோட அவளையும் கூட்டிகிட்டுத் திரும்பியிருக்கணும். எந்த மூஞ்ச வச்சுகிட்டு அவகிட்ட பேசறது.”

அந்த வேனில் நானும் அத்தையும் இருந்தோம். வழியில் டயர் பஞ்சராகி, மாற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அப்பா வாசலில் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். எங்களுக்காகக் காத்திருக்கிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே இறங்கினோம். இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைத்திருந்தோம். அந்த ஒரு வாரம் முழுக்கத் தினமும் அவர் காது கேட்கச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தட்டை எண்ணியிருக்கிறோம்.

திரும்பினால் அக்கா நின்றிருந்தாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, காலில் செருப்பு இல்லை. சீர் வரும்போது வீட்டுக்காரி வாசலைத் தாண்டி வரக்கூடாது. ஏன் தாமதம் என்று பார்க்க அவள் தெரு முனை வரைக்கும் வந்துவிட்டாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. கேட்க வேண்டியது எல்லாம் கேட்டிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது.

அவள் குனிந்து காடிக்குள் பார்த்தாள்.

“அப்பா,” என்றாள். “வெயில் ஏறுது. வாங்கப்பா.”

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்பி, வேகமாக நடந்து வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பா முன்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு இறங்கினார், சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார், பின்பக்கம் போய்த் தட்டை எடுத்தார். கடைசியில் கிளம்பிய மனுஷன் கடைசியிலேயே நடந்தார்.

வாசலில் அக்காவோடு வேலை செய்யும் பெண் ஆரத்தி எடுத்தாள். அத்தை முதலில் உள்ளே போனார். ஒவ்வொருவராகத் தட்டைக் கொண்டு போய் விளக்குக்கு முன்னால் வைத்தார்கள். மதர்போர்டு போனது, இரண்டு ராமும் ஆரஞ்சுகளோடு போயின, மஞ்சள் துணி சுற்றிய பவர் சப்ளை போனது. எதிர்வீட்டு மலாய்க்காரம்மாவும் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவரும் வேலிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். நானும் என் தட்டைத் திரும்ப வாங்கி, உள்ளே போய் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

அப்பா வாசப்படிக்கு வெளியே நின்றிருந்தார். வழியில் யாரும் இல்லை, கதவு முழுதாகத் திறந்திருந்தது. ஆனாலும் அவர் உள்ளே வரவில்லை. தட்டைச் சற்று முன்னால் நீட்டி, உள்ளே இருப்பதை ஆள் பார்க்க வசதியாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அக்கா போய் இரண்டு கையாலும் தட்டை வாங்கினாள். அதில் என்ன இருக்கிறது என்று அவள் குனிந்து பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தாள்.

“உள்ள வாங்க,” என்றாள்.